நாற்காலியில் இருப்பவர் மறுபடியும் வருவாரா?

(நமது சங்கத்தின் செகந்திராபாத் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "அமெரிக்காவில் பதவியில் இருக்கும் ஜனாதிபதி தேர்தலில் நின்றால் மறுபடி ஜெயிப்பாரா?" என்பது. இளைஞர்கள் கேட்டுக்கொண்டதால் செயலாளர் இந்தத் தலைப்பைப் போட்டிருக்கிறார். அதில் தவறில்லை. நம் தெருக்களில் இன்று அமெரிக்காவைப் பற்றிப் பேசாத வீடு குறைவு. எதிர் வீட்டுப் பையன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான்; விசா என்ன ஆகுமோ என்று அவன் தாயார் இங்கே கவலைப்படுகிறார்.

நான் பேராசிரியன் அல்ல. மெட்ரிக் முடித்து ரயில்வேயில் குமாஸ்தா வேலைக்கு வந்தவன். வரவு, செலவு, மிச்சம் என்று கணக்கு எழுதத் தெரியும். அந்த முறையிலேயே இந்தக் கேள்வியையும் எழுதிப் பார்க்கிறேன். முதல் பக்கம் அமெரிக்கா. இரண்டாவது பக்கம் நாம் பிழைக்கும் இந்த ஐதராபாத். மூன்றாவது பக்கத்தில் நம் பெயரை எழுத வேண்டும். அது இருக்கிறதா என்று கடைசியில் பார்ப்போம்.

அமெரிக்கக் கணக்கு

அமெரிக்காவில் ஜனாதிபதிக்கு ஆயுள் நான்கு ஆண்டு. 1951-ல் வந்த 22-வது சட்டத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 2024 வரை, பதவியில் இருந்தபடியே பொதுத் தேர்தலைச் சந்தித்தவர்கள் 12 பேர். அவர்களில் 8 பேர் ஜெயித்தார்கள். 4 பேர் தோற்றார்கள். 1976-ல் ஃபோர்டு, 1980-ல் கார்ட்டர், 1992-ல் மூத்த புஷ், 2020-ல் டிரம்ப் ஆகியோர் தோற்ற நால்வர். டிரம்ப் நான்கு ஆண்டு கழித்து 2024-ல் திரும்பவும் ஜெயித்து வந்தார் என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு வெற்றி. நாற்காலிக்கே ஒரு பலம் இருக்கிறது என்று தோன்றும். இருக்கத்தான் செய்கிறது. தினமும் பத்திரிகையில் படம் வருகிறது. அதிகாரிகள் கைகட்டி நிற்கிறார்கள். நன்கொடை தேடி வருகிறது. அப்படியானால் அந்த நால்வர் ஏன் தோற்றார்கள்?

1980-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட்டர் பதவியில் இருக்கிறார். அந்த ஆண்டு விலைவாசி உயர்வு 13 சதவீதத்துக்கு மேல். ஈரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் 1979 நவம்பர் முதல் சிறைப்பட்டுக் கிடக்கிறார்கள். எதிர்த்து நின்ற ரீகன், தொலைக்காட்சி விவாதத்தில் மக்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான்கு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா, கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது அப்போதைவிடச் சுலபமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 50 மாநிலங்களில் 44 மாநிலங்கள் கார்ட்டரைக் கைவிட்டன. அதே ரீகன் 1984-ல் பதவியில் இருந்தபடி நின்றார். அப்போது வேலை திரும்பி வந்துகொண்டிருந்தது, விலை அடங்கியிருந்தது. 49 மாநிலங்கள் அவருக்கு விழுந்தன.

மூத்த புஷ் கதை இன்னும் பெரிய பாடம். 1991-ல் வளைகுடாப் போர் முடிந்த சமயம் பத்தில் ஒன்பது பேர் அவரை ஆதரிப்பதாகக் கருத்துக் கணிப்பு சொன்னது. அடுத்த ஆண்டே வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கியது. போரில் ஜெயித்தவர் தேர்தலில் தோற்றார்.

2024-ல் நடந்தது நமக்கு நன்றாகத் தெரியும். பைடன் பதவியில் இருந்தார். 2022-ல் விலைவாசி உயர்வு 9 சதவீதத்தைத் தாண்டிய காயம் மக்களுக்கு ஆறவில்லை. முதுமையும் சேர்ந்துகொண்டது. 2024 ஜூலை 21 அன்று போட்டியிலிருந்து விலகினார். துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸ் நின்றார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஊர் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம். அங்கே கோயிலில் பூஜை நடந்தது, பேனர் கட்டினார்கள். நாமும் பெருமைப்பட்டோம். ஆனால் பென்சில்வேனியாக்காரன் தன் வீட்டு மளிகைச் செலவைப் பார்த்து ஓட்டுப் போட்டான். நம் பெருமைக்கு அங்கே ஓட்டு இல்லை.

ஐதராபாத் கணக்கு

இனி இரண்டாவது பக்கம். 1983 முதல் 2023 வரை, ஐதராபாத்தில் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தபடி சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்த தடவைகள் 9. 2014 தேர்தல் ஜனாதிபதி ஆட்சியில் நடந்ததால் அதைச் சேர்க்கவில்லை. இந்த 9-ல் வெற்றி 4, தோல்வி 5. அமெரிக்காவில் நாற்காலிக்கு இருக்கும் பலம் இங்கே இல்லை. தெலுங்கு மக்கள் நாற்காலியைப் பார்த்து மயங்குகிறவர்கள் அல்ல.

என்.டி.ராமாராவை எடுத்துக்கொள்வோம். 1983 ஜனவரியில், கட்சி தொடங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் ஆட்சியைப் பிடித்தார். கிலோ 2 ரூபாய் அரிசி கொடுத்தார். 1984 ஆகஸ்டில், அமெரிக்காவில் இருதய அறுவை சிகிச்சை முடித்துத் திரும்பிய சூட்டோடு கவர்னர் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். தெருவெல்லாம் கொதித்தது. ஒரு மாதத்தில் நாற்காலி திரும்பக் கிடைத்தது. 1984 டிசம்பரில் இந்திரா காந்தி கொலைக்குப் பின் நாடெங்கும் காங்கிரஸ் அலை அடித்தபோதும் தெலுங்கு தேசம் 30 பாராளுமன்ற இடங்களை வென்றது. 1985 மார்ச்சில் சட்டமன்றத்தில் 202 இடம். அப்படிப்பட்டவர் 1989-ல் தோற்றார். கட்சிக்கு 74 இடம்தான். தான் நின்ற இரண்டு தொகுதிகளில் கல்வகுர்த்தியில் அவரே தோற்றார். அதே மக்கள்தான் 1994-ல் 200-க்கு மேல் இடம் கொடுத்து அவரை மறுபடி கூட்டி வந்தார்கள்.

அடுத்து சந்திரபாபு நாயுடு. 1999-ல் பதவியில் இருந்தபடி 180 இடம் வென்றார். 2000 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டனே இந்த ஐதராபாத்துக்கு வந்து போனார். ஹைடெக் சிட்டியைப் பார்த்து உலகப் பத்திரிகைகள் புகழ்ந்தன. அதே 2000-ல் மின் கட்டணம் ஏறியது. ஆகஸ்டு 28 அன்று அதை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது பஷீர்பாக்கில் போலீஸ் சுட்டது. மூன்று பேர் உயிரிழந்தனர். கிராமங்களில் மழை பொய்த்தது. கடன்பட்ட விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். 2003 அக்டோபரில் அலிபிரியில் முதலமைச்சர் கார் மீது வெடிகுண்டுத் தாக்குதல் நடந்தது. அவர் உயிர் பிழைத்தார். அனுதாபம் கிடைக்கும் என்று எண்ணிச் சட்டமன்றத்தை முன்கூட்டிக் கலைத்தார்கள். 2004-ல் எண்ணிப் பார்த்தபோது 180 இடம் 47 ஆகியிருந்தது. இலவச மின்சாரம் தருகிறேன் என்று நடந்தே ஊரைச் சுற்றிய ராஜசேகர ரெட்டி முதலமைச்சரானார். பதவி ஏற்ற நாளிலேயே அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டார். 2009-ல் அவர் மறுபடி வென்றார். அப்போது எதிர் ஓட்டு உடைந்து கிடந்தது. சிரஞ்சீவியின் புதுக் கட்சி 18 இடம்தான் பிடித்தது என்றாலும் நூற்றுக்குப் பதினாறு ஓட்டு வாங்கியது.

பிறகு தெலுங்கானா. சந்திரசேகர ராவ் 2014-ல் 63 இடத்தோடு வந்தார். 2018-ல் விவசாயிக்கு ஏக்கருக்குப் பருவத்துக்கு 4 ஆயிரம் ரூபாய் நேராகக் கொடுத்தார். சட்டமன்றத்தை முன்கூட்டிக் கலைத்து, 119-ல் 88 இடம் வென்றார். முன்கூட்டிக் கலைத்த நாயுடு 2004-ல் தோற்றார். முன்கூட்டிக் கலைத்த ராவ் 2018-ல் ஜெயித்தார். தந்திரம் ஒன்றுதான். விவசாயி வீட்டில் இருந்த நிலைமை வேறு.

2023-ல் அதே ராவ் தோற்றார். அரசு வேலைக்கான தேர்வில் வினாத்தாள் கசிந்து, ஆண்டுக்கணக்கில் படித்த பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு மேடிகட்டா அணைக்கட்டின் தூண்கள் இறங்கின. பழைய எம்.எல்.ஏ.க்களில் மிகச் சிலரைத் தவிர எல்லோரையும் மறுபடி நிறுத்தினார். முதலமைச்சர் மீது இல்லாத கோபம்கூட எம்.எல்.ஏ. மீது இருந்தது. கட்சி 39 இடத்தில் நின்றது, காங்கிரஸ் 64. இரண்டு கட்சிக்கும் இடையே ஓட்டு வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுதான்.

தமிழ்நாட்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே தேர்தலில் ஜெயித்தார். அதன் பிறகு பதவியில் இருந்த முதலமைச்சர் ஒருவர் மறுபடி ஜெயித்து வர 2016 வரை, 32 ஆண்டு ஆயிற்று. இடையில் 1996, 2001, 2006, 2011 என்று நான்கு தடவை நாற்காலியில் இருந்தவரை மக்கள் வரிசையாக இறக்கிவிட்டார்கள்.

கணக்கு சொல்லும் விடை

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் என்ன தெரிகிறது? முகம், மாலை, வெளிநாட்டுப் புகழ், போர் வெற்றி, அனுதாபம் எல்லாம் கொஞ்ச தூரம் இழுக்கும். கடைசியில் அடுப்பும், வேலையும், கரண்ட் பில்லும்தான் தீர்ப்பு எழுதுகின்றன. அதோடு எதிரிகள் சேர்ந்து நிற்கிறார்களா, சிதறி நிற்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். ஆகவே அடுத்த தடவை டீக்கடையில் யாராவது "அவர் வருவாரா?" என்று கேட்டால், "சம்பளம் ஏறியதா, சாமான் விலை ஏறியதா, எதிரி ஒருவரா, மூவரா?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி எங்கே என்று கேட்பீர்கள். ஒரே ஆட்சியாளர் ஓர் இடத்தில் விழுந்து இன்னோர் இடத்தில் எழுந்திருக்கிறார். 1977-ல் இந்திரா காந்தி ரேபரேலியில் தோற்றார். வட இந்தியா முழுக்கக் காங்கிரஸ் துடைத்து எறியப்பட்டது. அதே தேர்தலில் ஆந்திராவில் 42 இடத்தில் 41 காங்கிரசுக்கு. கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டின் கொடுமையை வடக்கே அனுபவித்த அளவுக்குத் தெற்கே அனுபவிக்கவில்லை. 1980-ல் அந்த அம்மையார் நம் பக்கத்து மெதக் தொகுதியில் நின்று வென்று, கடைசி வரை அதன் உறுப்பினராகவே இருந்தார். யாருக்கு வலித்ததோ அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். வலித்தவருக்குப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அந்த வலி ஆட்சியாளருக்குத் தெரியும். அதுதான் மீதிப் பாதி.

2023 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். மாநிலம் முழுவதும் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். ஐதராபாத் மாவட்டத்தில் பாதிப் பேர்கூடப் போடவில்லை. ஆட்சி மாறியது, ஆனால் இந்த மாவட்டத்தின் 15 தொகுதிகளில் ஒன்றில்கூட ஆட்சிக்கு வந்த கட்சி ஜெயிக்கவில்லை. ஆட்சியை மாற்றியது கிராமம். நகரம் வீட்டில் இருந்து டி.வி. பார்த்தது.

ஒரு ஓட்டில் என்ன வந்துவிடும் என்பார்கள். 2023-ல் செவெள்ளாவில் வெற்றி வித்தியாசம் 268 ஓட்டு. நகரத்துக்குள் யாகுத்புராவில் 878 ஓட்டு. அமெரிக்காவில் 2020-ல் 15 கோடிக்கு மேல் ஓட்டு விழுந்தது. ஆனால் ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் என்ற மூன்று மாநிலங்களிலும் சேர்த்து டிரம்ப் பின்தங்கிய ஓட்டு சுமார் 43 ஆயிரம்தான். அந்த மூன்றும் மாறியிருந்தால் இருவரும் சமமாக நின்றிருப்பார்கள். ஆகவேதான் அங்கே வேட்பாளர்கள் எல்லா மாநிலத்துக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. எங்கே பட்டியலில் ஆள் இருந்து, ஓட்டு இப்படியும் அப்படியும் சாயுமோ அங்கேதான் ஓடுகிறார்கள்.

நம் சந்துக்கும் இதே விதிதான். ஒரு சம்பவம் சொல்கிறேன். கட்சி பெயரும் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். நம் மக்கள் குடியிருக்கும் ஒரு சந்தில் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று சொல்ல ஒரு பிரமுகரிடம் போயிருந்தோம். அவர் அன்பாக உட்கார வைத்தார். டீ கொடுத்தார். பக்கத்தில் இருந்த ஆள் பட்டியலைப் புரட்டினார். அறுபது வீடு, ஓட்டு பதினொன்று. பிரமுகர் எதுவும் சொல்லவில்லை. பட்டியலை மூடி வைத்தார். குழாய் மாறப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அந்தச் சந்தில் மஞ்சள் காமாலை வந்து போனது. அந்த மனிதரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் கணக்குப் பார்க்கிறவர். அவர் கணக்கில் நாம் இல்லை.

நம் பெயர் எந்தப் பக்கத்தில்?

தோழர்களே, கண்டோன்மென்ட் படையோடும் ரயில் பாதையோடும் இந்தச் செகந்திராபாத்துக்கு வந்தவர்கள் நம் முன்னோர்கள். லாலாகுடா பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்களில் நம் ஆட்கள் உண்டு. அந்தக் குடும்பங்களுக்கு இங்கே ஓட்டு இருக்கிறது. பிறகு பிழைக்க வந்தவர்களின் நிலைமை வேறு. இட்லி வண்டி, இஸ்திரிக் கடை, கட்டட வேலை, வீட்டு வேலை என்று பத்து இருபது வருஷமாக இங்கே இருக்கிறோம். வாடகை இங்கே, பள்ளிக்கூடம் இங்கே, ஆஸ்பத்திரி இங்கே, கரண்ட் பில் இங்கே. ஓட்டு மட்டும் ஊரில். ஊர்த் தேர்தல் வந்தால் சார்மினார் எக்ஸ்பிரசில் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் நான்கு பேர் போய் வர ஒரு வாரக் கூலி போய்விடும். இங்கே தேர்தல் வந்தால் வேடிக்கை பார்க்கிறோம். ஆக, ஊரிலும் போடுவதில்லை, இங்கேயும் போடுவதில்லை. யார் வருவார் என்று ஜோசியம் மட்டும் சொல்கிறோம்.

இப்போது ஊர் ஓட்டுக்கும் ஆபத்து வந்திருக்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. அவர்களில் 66 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முன் பீகாரில் வரைவுப் பட்டியலில் விடுபட்டவர்கள் சுமார் 65 லட்சம். வீட்டுக் கதவைத் தட்டியபோது ஆள் இல்லை. ஆள் நம்மோடு இங்கே சாரத்தில் நின்று செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தான். தமிழனுக்கும் பீகாரிக்கும் இதில் ஒரே கதைதான்.

2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம், வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஒரு யந்திரம் செய்திருப்பதாக அறிவித்தது. அடுத்த மாதம் கட்சிகளைக் கூட்டிக் காட்ட முயன்றது. கட்சிகள் பல சந்தேகம் கிளப்பின. அந்த யந்திரம் எந்தத் தேர்தலுக்கும் வந்து சேரவில்லை. அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

எனவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்; பெண்கள் குறிப்பாகக் கேளுங்கள், ஏனென்றால் பல வீடுகளில் ஆண் பெயர் இருக்கிறது, பெண் பெயர் இல்லை.

முதலாவது, ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் பெயர் இருக்கலாம். 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இரண்டு இடத்தில் வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம் அல்ல. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. ஆகவே குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வருஷம் முழுக்க இங்கே குடியிருந்தால் பெயரை இங்கே கொண்டு வாருங்கள். ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் ஊர் என்று இருப்பவர்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் குடியிருப்பு உரிமை போய்விடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், விசாரிக்க வருகிறவரிடம் விவரம் சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

இரண்டாவது, இடம் மாற்ற 8-ம் எண் படிவம். புதிதாகச் சேர 6-ம் எண் படிவம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 வயது நிறைந்த பிள்ளைகள் சேரலாம். ஆதார், பாங்கு புத்தகம், கரண்ட் அல்லது காஸ் பில் இவற்றில் ஒன்று முகவரிக்குப் போதும். எதுவும் இல்லாவிட்டால் வாக்குச்சாவடி அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்கவும் இடம் இருக்கிறது. சந்தேகம் கேட்க 1950 என்ற தொலைபேசி எண் உண்டு.

மூன்றாவது, கையில் அட்டை இருப்பதால் பெயர் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 2018 டிசம்பர் 7 அன்று இதே ஐதராபாத்தில் பேட்மிண்டன் வீராங்கனை ஜுவாலா கட்டா ஓட்டுச் சாவடிக்குப் போனார். பட்டியலில் பெயர் இல்லை. நாடறிந்தவருக்கே அந்தக் கதி. ரயில்வேயில் சங்க அங்கீகாரத்துக்கு 2007, 2013, 2024 என்று மூன்று தடவை ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. சங்கத்துக்காரர்களுக்குத் தெரியும்: கொடி கட்டுவதற்கு முன்னால் பட்டியலை வாங்கி ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஓட்டு நாளில் சம்பளத்தோடு விடுமுறை உங்கள் உரிமை. 1951-ம் ஆண்டுச் சட்டத்தில் 135-பி பிரிவு அதைச் சொல்கிறது, தினக்கூலிக்கும் உண்டு. மேஸ்திரி இல்லை என்றால் சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.

இங்கே சில பெரியவர்களுக்கு மனதில் ஒரு வருத்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஊர்ப் பட்டியலில் இருந்து பெயரை எடுத்தால் ஊரே அறுந்துபோன மாதிரி இருக்கிறது என்று ஒரு தாயார் என்னிடம் சொன்னார். அதைச் சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. குலதெய்வம் அங்கே இருக்கிறது. அண்ணன் தம்பி இருக்கிறார்கள். பூர்வீக வீட்டில் பங்கு இருக்கிறது. ஆனால் பட்டா வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. இங்கே ஓட்டுப் போடுவதால் ஊரில் உள்ள வீட்டுப் பங்கு போகாது. பொங்கலுக்குப் போகிற ரயிலை யாரும் நிறுத்தப் போவதில்லை. ஊர் நம் வேர்தான். தண்ணீர்க் குழாய் மட்டும் இந்தச் சந்தில் இருக்கிறது.

"ஓட்டுப் போட்டு என்ன கண்டோம், எல்லாரும் ஒன்றுதான்" என்று சொல்லும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லாரும் ஒன்றாகவே இருக்கட்டும். 2 ரூபாய் அரிசியும் இலவச மின்சாரமும் ஏக்கருக்கு 4 ஆயிரமும் எந்தத் தலைவர் மனதிலும் தானாக உதித்தவை அல்ல. இவை இல்லாவிட்டால் நாற்காலி போய்விடும் என்ற பயத்தில் வந்தவை. கொடுத்த பிறகும் தவறு செய்தவர்களை மக்கள் இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பயம் நம் சந்தைப் பார்த்தும் வர வேண்டும்.

அமெரிக்க ஜனாதிபதி மறுபடி நின்றால் ஜெயிப்பாரா என்று கேட்டீர்கள். அதை அந்த நாட்டு மளிகைக் கடை முடிவு செய்யும். இந்த ஐதராபாத் நாற்காலியில் யார் இருக்க வேண்டும் என்பதில் நமக்கும் ஒரு கை உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் இதே இடத்தில் 6-ம் எண், 8-ம் எண் படிவங்களோடு சங்கத் தோழர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்போம். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரரையும், அவர் வீட்டுப் பெண்களையும், 18 நிறைந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தப் பதினொன்றை நாற்பதாக ஆக்கிவிட்டு, பிறகு யார் வருவார் என்று பேசுவோம்.